பாட்டுக்குச் சேர வேண்டிய பங்கு



இந்த மாதம் உங்கள் கையில் இருப்பது இசை மலர். சென்ற இதழில் அறிவிப்பைப் பார்த்ததுமே வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பழைய பாட்டுகளை உயிராக நேசிப்பவர் என்பது வரிக்கு வரி தெரிந்தது. அவருக்கு ஒரு மனத்தாங்கல். இசையமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் படமெடுத்தவர் அன்றைக்கே பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்; அதற்கப்புறம் அந்தப் பாட்டை யார் எங்கே பாடினாலும் பணம் கேட்பது என்ன நியாயம்? வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார், அதில் குடியிருப்பவரிடம் மாதா மாதம் வாடகை கேட்பாரா? இதுதான் அவருடைய கேள்வி.

நேர்மையான கேள்வி. எத்தனையோ பேர் மனசுக்குள் வைத்திருப்பதை அவர் எழுதிவிட்டார். மலருக்குள் என்னென்ன இருக்கிறது என்று வழக்கம்போல் வரிசையாகச் சொல்லாமல், இந்தப் பக்கத்தை அந்தக் கடிதத்துக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஐயா, வாடகை வசூலாகிக்கொண்டேதான் இருக்கிறது. பண்பலை வானொலி அந்தப் பாட்டைப் போட்டுத்தான் விளம்பரம் வாங்குகிறது. தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி நடக்கிறது, இடையிடையே சோப்பு விற்கிறது. ஓட்டலில், துணிக்கடையில், விமானத்தில், உங்கள் கைப்பேசிச் செயலியில் அதே பாட்டு ஒலிக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் பையில் காசு விழுகிறது. பாட்டு ஒரு தடவை விற்றதும் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் அவர்கள் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி வசூலாகும் வாடகையில், மெட்டுப் போட்டவருக்கும் பாட்டெழுதியவருக்கும் ஒரு பங்கு உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கு வயதில் மிகப் பெரியது.

1847-ல் பாரிஸ் நகரத்தில், ஷான்ஸ் எலிசே சாலையோரம், பாட்டுக் கச்சேரியோடு பானங்கள் விற்கும் விடுதி ஒன்று இருந்தது. எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியரும் போல் ஆன்ரியோன், விக்டர் பரிஸோ என்ற இரண்டு இசையமைப்பாளர்களும் அங்கே போயிருந்தார்கள். மேடையில் அவர்களுடைய பாட்டையே பாடினார்கள். குடித்ததற்குப் பணம் கேட்டபோது அவர்கள் தர மறுத்தார்கள். எங்கள் பாட்டை வைத்து நீங்கள் கூட்டம் சேர்க்கிறீர்கள், அதற்கு எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. உங்கள் பானத்துக்கு மட்டும் நாங்கள் ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் நீதிமன்றம் போய், பாட்டுக்காரர்கள் பக்கமே தீர்ந்தது. நாடகாசிரியர் பொமார்ஷே 1777-லேயே தன் சக எழுத்தாளர்களைக் கூட்டிப் போராடத் தொடங்கியிருந்தார். அதன் பலனாகப் புரட்சிக் காலத்தில், 1791-ல், எழுதியவர் அனுமதி இல்லாமல் நாடகத்தை மேடையேற்றக் கூடாது என்ற சட்டமும் வந்திருந்தது. அந்தச் சட்டம் பாட்டுக்கும் பொருந்தும் என்பதைத்தான் இந்த வழக்கு நிலைநாட்டியது.

ஆனால் எனக்கு வழக்கைவிட, ஜெயித்த பிறகு அவர்கள் செய்த காரியம்தான் பெரிதாகப்படுகிறது. தீர்ப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று பேர் பிரான்ஸ் தேசத்து விடுதி ஒவ்வொன்றுக்கும் போய்க் காசு கேட்க முடியுமா? முடியாது. ஆகவே 1851-ல் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து 'சாசெம்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். எல்லாருடைய பாட்டுக்கும் சேர்த்துச் சங்கம் ஒரே உரிமம் தரும். விடுதிக்காரர் ஒரே இடத்தில் பணம் கட்டுவார். எந்தப் பாட்டு எவ்வளவு பாடப்பட்டது என்று கணக்குப் பார்த்துச் சங்கம் பிரித்துக் கொடுக்கும். இன்றைக்கு உலகமெங்கும் இருக்கும் இசை உரிமைச் சங்கங்கள் எல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றன. சாசெம் இன்னும் இயங்குகிறது.

நம் நாட்டில் இப்படி ஒரு சங்கம் 1969-ல்தான் வந்தது. ஐ.பி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி'. சினிமா கொட்டகை உட்படப் பொது இடங்களில் பாட்டு ஒலிப்பதற்கு இவ்வளவு கட்டணம் என்று அது அரசிதழில் பட்டியல் வெளியிட்டதுமே, தயாரிப்பாளர் சங்கங்களும் கொட்டகைக்காரர்களும் எதிர்த்து எழுந்தார்கள். காப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1974-ல் அதை மாற்றியது. கடைசியில் 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

கலைஞர்கள் தோற்றார்கள்.

தோற்றதற்குக் காரணம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர் என்றும், ஒருவரிடம் வேலைக்கு இருந்து செய்த படைப்பு வேலை கொடுத்தவருக்கே சொந்தம் என்றும் அதில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு படத்துக்காக மெட்டுப் போட்டாலோ பாட்டெழுதினாலோ, வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, உரிமை தயாரிப்பாளருக்கே போய்விடும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் என்ற அந்தச் சில சொற்களில்தான் எல்லாமே இருக்கிறது. ஏட்டில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்: யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுமானால் பேசி எழுதிக்கொள்ளலாமே! ஆனால் முதல் படத்துக்கு வாய்ப்புத் தேடிக் கோடம்பாக்கத்தில் அலைகிற ஒரு பாடலாசிரியர், தயாரிப்பாளர் நீட்டுகிற தாளைத் திருத்தச் சொல்வாரா? சொன்னால் அடுத்த நாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பசித்திருப்பவனுக்குக் கொடுத்த இந்தச் சுதந்திரத்தை என்னால் சுதந்திரம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தீர்ப்பின் கடைசியில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தனியாகச் சில பத்திகள் சேர்த்தார். பாலக்காட்டில் பிறந்தவர், சட்டத்தை மனித முகத்தோடு பார்த்தவர். தீர்ப்பை அவர் மாற்றவில்லை. ஆனால் சட்டத்தில் இருக்கும் ஓட்டை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நம் காப்புரிமைச் சட்டம் மெட்டைத் தாளில் எழுதியவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. பாடுகிறவருக்கு ஒன்றுமே தருவதில்லை. இந்திய இசையிலோ ஜனங்கள் ஓடி வருவது பாடுகிறவரைக் கேட்கத்தான். அப்படிப்பட்டவருக்கு உரிமையே இல்லை என்பது நம் மண்ணுக்கு ஒவ்வாதது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். நாடாளுமன்றம் அவர் பேச்சைக் கேட்க 17 ஆண்டுகள் ஆயின. 1994-ல்தான் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் ஏறியது. அப்போதும் சினிமாவில் பாட ஒப்புக்கொண்டவருக்கு அந்த உரிமை எட்டவில்லை.

பாடுகிறவர்கள் இதையெல்லாம் வெகு காலம் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1949-ல் வந்த 'மஹல்' படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது காமினி என்று. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பெயரே போடாத காலத்தில் தொடங்கி, அறுபதுகளில் பின்னணிப் பாடகர்களுக்கு ராயல்டி வேண்டும் என்று அவர் நின்றார். முகமது ரஃபி உடன்படவில்லை. பாடினோம், பேசிய கூலியை வாங்கினோம், அதற்கு மேல் கேட்பது முறையல்ல என்பது அந்தப் பெருமனிதரின் எண்ணம். இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை. ரஃபி நினைத்ததைத்தான் நம் வாசகரும் எழுதியிருக்கிறார். அந்த எண்ணத்தில் இருக்கும் நாணயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாணயத்தால் லாபம் அடைந்தது ரசிகர்கள் இல்லை, இசைத்தட்டுக் கம்பெனிகள்தான்.

பம்பாயில் இன்னொரு காட்சியும் நடந்தது. 1973-ல் 'ஜஞ்சீர்' வெளிவந்தபோது சுவரொட்டிகளில் திரைக்கதை எழுதிய சலீம்–ஜாவேத் பெயர் இல்லை. அவர்களே ஒரு பெயின்டரை அமர்த்தி, நகரத்துச் சுவரொட்டிகள் மேல் தங்கள் பெயரை எழுத வைத்தார்கள். அந்த இருவரில் ஒருவரான ஜாவேத் அக்தர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கதையின் மையத்துக்கு வருகிறார். அதற்கு முன் நம் சென்னைக்கு வந்துவிட்டுப் போகலாம்.

ராயல்டி, காப்புரிமை என்பதெல்லாம் பெயர் தெரிந்தவர்களின் சண்டை. ஒரு பாட்டில் வயலின் வாசித்த இருபது பேர், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர், கோரஸ் பாடிய பெண்கள் இவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். யாரோ ஒருவர் ஒரு சுரம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. காலையில் போனால் இரவு எப்போது திரும்புவோம் என்று தெரியாது. உழைத்த காசு எப்போது வரும் என்பது கம்பெனியின் தயவு. படம் பாதியில் நின்றால் காசும் அங்கேயே நின்றுவிடும்.

இந்த நிலைமையை மாற்றியவர் ஓர் இசையமைப்பாளர். எம்.பி. சீனிவாசன், எல்லாருக்கும் எம்.பி.எஸ். சித்தூரில் பிறந்து, சென்னையில் படித்து, பொதுவுடைமை இயக்கத்தில் ஊறியவர். மலையாளத் திரையிசையில் அவர் பெயர் இன்றும் உச்சத்தில் இருக்கிறது. சென்னையில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒரே குரலாகப் பாட வைத்த சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவரும் அவரே. அவர்தான் திரைப்பட வாத்தியக் கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் அமைப்பதில் முன்நின்றார். ரெக்கார்டிங் முடிந்தால் அன்றன்றே கையில் கூலி என்ற வழக்கம் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வேர்பிடித்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் இருக்கும். மாலையில் அரிசி வாங்க வேண்டிய ஒரு வீட்டில் இருந்து பார்த்தால்தான் அதன் அளவு தெரியும்.

எம்.பி.எஸ். இசையமைத்த தமிழ்ப் படங்களில் 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' முக்கியமானது. தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய படம். ஜெயகாந்தனும் அதில் பாட்டெழுதினார். இயக்கியவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினையில் வீடிழந்தவர்களைப் பற்றி வங்காளத்தில் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்குக் குடிவந்த ஒளிப்பதிவாளர். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. திரையில் தொழிலாளர் ஒற்றுமையைக் காட்டிய இருவரும், படப்பிடிப்புத் தளத்துக்கு வெளியே அதையே செய்துகொண்டும் இருந்தார்கள். நம் திரையுலக வரலாற்றில் நாயகர்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். இந்த இருவரைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. மலரின் நடுப்பக்கக் கட்டுரை எம்.பி.எஸ். பற்றியதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனி ஜாவேத் அக்தர். 2010-ல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அதே ஆண்டு காப்புரிமைத் திருத்த மசோதா வந்தது. அதற்காக வாதாடியதால் தயாரிப்பாளர்களின் எதிர்ப்பையும் புறக்கணிப்பையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. பாட்டெழுதிப் பிழைக்கிற ஒருவருக்கு வாய்ப்புத் தருகிறவர்கள் முகம் திருப்பிக்கொள்வது லேசான விஷயம் இல்லை. 2012 மே மாதம் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. ஜூன் 21 முதல் நடப்புக்கு வந்தது.

இந்தத் திருத்தத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படம் திரையரங்கில் படமாக ஓடும்வரை பாட்டுக்குத் தனியாக ராயல்டி கிடையாது. தயாரிப்பாளர் பணம் போட்டிருக்கிறார், அந்த வருமானம் அவருடையது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. அதே பாட்டு திரையரங்கைத் தாண்டி வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ கைப்பேசிக்கோ வேறு எங்கோ போனால், வரும் ராயல்டியில் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெற வேண்டும். இந்தப் பங்கை அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. தங்கள் வாரிசுகளுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் தரலாம். எனக்கு வேண்டாம் என்று தானாக எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

சிலர் இதைக் குறை சொன்னார்கள். வயது வந்த மனிதன் தன் உரிமையை விட்டுக் கொடுக்கக்கூட முடியாதா, இது அவனைக் குழந்தையாக நடத்துவது ஆகாதா என்று கேட்டார்கள். எனக்கு இந்தப் பிரிவுதான் சட்டத்தின் உயிர் என்று தோன்றுகிறது. விட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், மறுநாளே எல்லா ஒப்பந்தத் தாள்களிலும் விட்டுக் கொடுத்தேன் என்ற வரி அச்சாகிவிடும். தனி ஆளாக நிற்பவர் மறுக்க முடியாததை அவருக்காகச் சட்டம் மறுக்கிறது. சங்கம் செய்யும் வேலையும் இதேதான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்ய நான் சம்மதிக்கிறேன் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தால் அது செல்லாதல்லவா?

இன்னொரு விதியும் உண்டு. ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை போகாது. ஒலிநாடா காலத்தில் கையெழுத்திட்டவருக்குக் கைப்பேசி ரிங்டோன் என்று ஒன்று வரப்போவதே தெரியாது. தெரியாத ஒன்றை அவர் எப்படி விற்றிருக்க முடியும்?

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2012-க்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வாதம் நீதிமன்றங்களில் ஓயவில்லை. ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்குள்ளேயே இசைக் கம்பெனிகளுக்கும் படைப்பாளிகளுக்கும் பெரும் பிணக்கு நடந்தது. மறுபடி முறையாகப் பதிவாகி, ஜாவேத் அக்தர் தலைமையில் அது எழுந்து நின்றது 2017-ல்தான். பாடகர்கள் 2013-ல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வாத்தியம் வாசித்தவர்களின் நிலைமை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. படத்தின் பெயர்ப் பட்டியலில் பெயரே வராதவர் எந்த ஆதாரத்தை வைத்துப் பங்கு கேட்பார்? ஏ.ஆர். ரஹ்மான் தன் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் ஒலிப்பதிவாளர்களின் பெயர்களையும் அச்சிட்டதை அன்றைக்கு நாம் ஒரு நல்ல பண்பு என்று பாராட்டினோம். அது நல்ல பண்பு மட்டுமில்லை, சாட்சியமும்கூட.

வாசகர் கடிதத்துக்குப் பின்னால் எந்தச் சம்பவம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2017-ல் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம், இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்ததால் இனி அவர் பாட்டுகளை மேடையில் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. இருவரையும் நேசிக்கிற நமக்கு அது வலி. பிறகு 2019-ல் இளையராஜாவின் மேடையிலேயே எஸ்.பி.பி. பாடினார்; மனம் ஆறியது. ஆனால் அந்தச் சண்டையில் நாம் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. பாடுகிறவர் மெட்டுப் போட்டவரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலைமையே வந்திருக்கக் கூடாது. கச்சேரி நடத்துகிறவர் டிக்கெட் விற்கிறார், விளம்பரதாரரைப் பிடிக்கிறார். உரிமத் தொகையைச் சங்கத்தில் கட்ட வேண்டியதும் அவர்தான். அந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் பாடகர் நிம்மதியாகப் பாடுவார், மெட்டுப் போட்டவருக்குப் பங்கு போய்ச் சேரும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே நிற்க நேர்கிறது.

நம் வீட்டுக் கல்யாணத்தில் மெல்லிசைக் குழு பாடினால் நோட்டீஸ் வருமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வராது. மதச் சடங்குகளுக்கும், திருமண ஊர்வலம் உள்படத் திருமணத்தைச் சேர்ந்த வைபவங்களுக்கும் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. வளைகாப்பில் பாடுகிற அத்தையிடமோ பள்ளி ஆண்டுவிழாவில் பாடுகிற குழந்தையிடமோ யாரும் காசு கேட்கவில்லை. பாட்டை வைத்துக் காசு பண்ணுகிறவரிடம்தான் பங்கு கேட்கிறார்கள்.

பாட்டு எல்லாருக்கும் சொந்தமாக இருக்கட்டுமே என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே அழகான முன்மாதிரி இருக்கிறது. பாரதியின் பாடல்கள் மீதான உரிமை பல கை மாறிக் கிடந்தபோது, எழுத்தாளர்கள் கூடிக் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு அவற்றை மக்கள் சொத்தாக்கியது. அப்போதுகூடச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அதற்குப் பிறகு தமிழக அரசு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது, பெரும்பாலும் குடும்பத்துக்குப் பரிவுத் தொகை கொடுத்துத்தான். பாட்டைப் பொதுவாக்குவதும் பாட்டுக்காரரின் வீட்டைப் பார்ப்பதும் ஒன்றோடொன்று மோதுகிற காரியங்கள் அல்ல என்று இந்த மண் எப்போதோ செய்து காட்டிவிட்டது.

இப்போது புதிதாக ஒரு வழக்கு வாசலில் நிற்கிறது. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவின் உதவியால் மறுபடி ஒலித்தன. குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்தே செய்ததாக ரஹ்மான் அறிவித்தார். கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. கூடவே கவலையும் வந்தது. ரஹ்மான் கேட்டுச் செய்தார். கேட்காமல் செய்கிறவர்களை எது தடுக்கும்? அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒப்பந்தத்தில் வரம்பு போட வைத்தார்கள். இங்கே ஓவியர், பின்னணிக் குரல் கொடுப்பவர், மொழிபெயர்ப்பாளர், பாடகர் எல்லாரும் தனித்தனியாக அஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பாரிஸில் மூன்று பேர் தொடங்கியதை, சென்னையில் எம்.பி.எஸ். செய்ததை, இவர்களும் செய்தாக வேண்டும். சீக்கிரம் செய்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது சினிமாவுக்குப் பாட்டு எழுதியிருந்தால், ஒரே ஒரு பாட்டாக இருந்தாலும், உரிமைச் சங்கத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் மறைந்திருந்தால் வாரிசுகள் உறுப்பினராகலாம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. 1981-ல் மறைந்த கண்ணதாசனின் எழுத்துக்கு 2041 முடியும்வரை என்று கணக்கு. பதியாதவருக்குச் சங்கத்தால் எதையும் அனுப்பிவைக்க முடியாது.

நம் பத்திரிகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதில் எழுதுகிற, வரைகிற, படம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் இனி ஒரு பக்க ஒப்பந்தம் தமிழிலேயே தருகிறோம். படைப்பின் உரிமை படைத்தவரிடமே இருக்கும். முதல் முறை அச்சிடுவதற்கான அனுமதி மட்டும் எங்களுக்கு. இதழ் வெளிவரும் மாதத்திலேயே சன்மானம் போய்ச் சேரும். தொகுப்பு நூலிலோ இணையப் பதிப்பிலோ மறுபடி பயன்படுத்தினால் மறுபடி சன்மானம். அட்டைப்பட ஓவியரின் பெயர் உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் இல்லாமல், இந்த இதழிலிருந்து அட்டையிலேயே இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்கள், கோரஸ் பாடியவர்கள், நொட்டேஷன் எழுதிக் கொடுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் பாட்டில் எந்த வாத்தியம் வாசித்தீர்கள், கால்ஷீட்டுக்கு அன்று என்ன கிடைத்தது, யாரோடு உட்கார்ந்து வாசித்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும். பழைய கூலிச் சீட்டோ, சங்க அடையாள அட்டையோ, குழுப் படமோ இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம், நகல் போதும். எழுத வராது என்று தயங்குகிறவர்கள் ஒரு வரி போடுங்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழ் முதல் தொடராக வரும். பிரசுரமாகும் ஒவ்வொன்றுக்கும் சன்மானம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்